சுவருக்குத் தைத்த திரை

சாந்தாமணியின் கையில் கிடைத்த எதுவும் வீணாகப் போனதில்லை. கணுவாயில் பிறந்த வீட்டில் இருந்தபோதே அப்படித்தான். கிழிந்த கோணிச்சாக்கைக் கொடுத்தால் இரண்டு நாளில் அது சாயம் தோய்த்த கால்மிதியாக வாசலில் கிடக்கும். ஓட்டை விழுந்த சீமெண்ணெய் டின்னில் துளசி தழைத்து நிற்கும். வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பில் காவிமண்ணைக் கரைத்து, வேப்பங்குச்சியின் நுனியை மென்று தூரிகையாக்கி, அடுப்படிச் சுவரில் அவள் வரைந்த மாங்காய்க் கரையைப் பார்க்கவென்றே பக்கத்துத் தெருப் பெண்கள் வந்து போவார்கள். அவளுடைய அக்கா வரலட்சுமி எதையும் அளந்து பேசுகிறவள். தங்கை விஷயத்தில் மட்டும் அவளுக்கு அளவு கிடையாது. வாழ்க்கைப்பட்டுப் போன துடியலூரில், "எங்க சாந்தா சாணி தட்டுற கொட்டாயைக்கூட அரமனையாக்கிப் போடுவா, பாருங்க" என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாந்தாமணியின் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் இருந்தது. வந்த இடமெல்லாம் அதனால் தட்டிப் போயிற்று. கடைசியில் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து சென்னகிருஷ்ணனின் ஜாதகம் வந்தது. பஞ்சு அரைக்கும் ஜின்னிங் பாக்டரியில் ஸ்டோர் பார்க்கிறவர். முதல் மனைவி பங்காரம்மா பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்து சில வருஷமாகியிருந்தது. மனைவியை இழந்தவனுக்குச் செவ்வாய் ஜாதகம்தான் பொருந்தும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தவளிடம் வரலட்சுமி வந்து குந்தினாள்.

"ஏம்புள்ளை, உனக்குச் சம்மதந்தானா?"

"சமாளிச்சுக்கலாமுங்கக்கா."

"சமாளிப்பியான்னு உன்னை யாரு கேட்டா? சம்மதமான்னு கேட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க."

வரலட்சுமி தங்கையின் கையிலிருந்து துணியை வாங்கி, தேவைக்கு மேல் முறுக்கிப் பிழிந்தாள்.

*

பெரியநாயக்கன்பாளையத்து வீடு மேட்டுப்பாளையம் ரோட்டைப் பார்த்து நின்றது. முன்னால் ஆசாரம் என்கிற கூடம், அதையொட்டி ஓர் அறை, நடுவில் முற்றம், பின்னால் சமையற்கட்டு. புதுப்பெண்ணுக்குக் கொடுத்தது அந்த முன்னறையைத்தான். ரோட்டுப் பக்கச் சுவரில் ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் ஜன்னல் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் செங்கல் வைத்து அடைத்த சதுரம் தெரிந்தது. உள்ளே மண்பூச்சு பூசி, மேலே வெள்ளையடித்திருந்தார்கள். எத்தனை பூசியிருந்தும் அந்த இடம் மட்டும் சற்றுத் துருத்திக்கொண்டு நின்றது, எதையோ உள்ளே வைத்துத் தைத்துவிட்ட தலையணை மாதிரி. நடுப்பகலில்கூட அந்த அறையில் ஊசிக்கு நூல் கோக்க முடியாது.

சாந்தாமணி வந்த வாரமே வேலையைத் தொடங்கினாள். முற்றத்துத் தூணில் உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாய்வாகக் கட்டினாள். அதில் பட்ட வெயில் திரும்பி அறைக்குள் வந்து சுவரில் ஒரு கையகலத்துக்கு விழுந்தது. பாக்டரியில் பஞ்சு மூட்டையை இறுக்கிக் கட்டுகிற இரும்புப் பட்டையில் கழித்துப் போட்டதைக் கணவரிடம் கேட்டு வாங்கி, வளைத்து, பலகை தாங்கும் கொக்கிகளாக அடித்தாள். மில்லில் நூல் தீர்ந்து எறிகிற மரக் கோன்களுக்கு மஞ்சளும் நீலமும் பூசித் துணி மாட்டும் முளைகளாகச் சுவரில் பதித்தாள். சென்னிமலைப் போர்வை ஒன்று நடுவில் கிழிந்து பரணில் கிடந்தது. கிழிசலை வெட்டியெறிந்து, நல்ல பாகத்தை இரண்டு தலையணையுறையாக்கினாள்.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு மோவாயில் கை வைத்தாள். "எழவு ஊடாட்டக் கெடந்துச்சு. கல்யாண ஊடாக்கிப் போட்டயே அம்மணி!"

மாமியார் பத்மாவதிக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான். மருமகளைத் திட்ட ஒன்றும் அகப்படாத வருத்தத்தையும் சிரித்துக்கொண்டே சொல்லுவார். "இவ வந்ததுல இருந்து எனக்குக் குப்பை கொட்டற வேலையே போச்சு. கொட்டுனதை மறுக்கா எடுத்துட்டு வந்து பொட்டு வெச்சு நிறுத்திப் போடறா."

முற்றத்துக் கண்ணாடி அனுப்பிய வெளிச்சத் துண்டு வெயிலோடு நகரும். உச்சிக்கு அது சரியாகச் சுவரின் துருத்தல் மேல் வந்து நிற்கும். அந்த நேரத்தில் வீடு உண்டுவிட்டுக் கண்ணயரும். சாந்தாமணி மட்டும் பாயில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பாள். அப்படி ஒரு பகலில்தான் முதலில் கேட்டது. யாரோ கைவளையலை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக்கொள்வது போலச் சின்னச் சத்தம். தன் கையைப் பார்த்தாள். கை மடியில் இருந்தது. விதவையான பத்மாவதியின் கையில் வளையலே கிடையாது. சத்தம் மறுபடி கேட்டது. சுவரிலிருந்து வந்தது.

அவள் எழுந்து போய்த் துருத்தலில் காதை வைத்தாள். சுண்ணாம்பு கன்னத்தில் ஒட்டியதுதான் மிச்சம்.

மாலையில் கணவரிடம் சத்தத்தைப் பற்றிச் சொல்லவில்லை. "ஏனுங்க, அந்த சன்னலை எடுத்து உட்டுப்போட்டா ரூம்பு நல்லா இருக்குமுங்க" என்று மட்டும் சொன்னாள்.

சென்னகிருஷ்ணன் நல்ல மனிதர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "பாக்கலாம்" என்றார்.

பத்மாவதியிடம் கேட்டபோது அவர் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டார்.

"அதை மட்டும் கேக்காதே கண்ணு."

"ஏனுங்க அத்தை?"

முறத்தைக் கீழே வைத்தார். "பங்காரு போனது சதயத்துல. அடைப்பு நட்சத்திரம். ஆறு மாசத்துக்கு அந்த ரூம்பைப் பூட்டி வெக்கோணும், காத்துக்கூட உள்ள போகக்கூடாதுன்னு அய்யரு சொன்னாரு. கொத்தனாரு பயந்துட்டு மொகத்தைத் திருப்பீட்டே சன்னல் கதவைச் சாத்தி மண்ணை அப்புனான். வெளிய கல்லு வெச்சான். அன்னைக்கே முடிச்சுட்டு ஓடிட்டான்."

"ஆறு மாசம் ஆனதுக்கப்பறம்?"

"சாந்தி கழிச்சு ரூம்புக் கதவைத் தொறந்தோம்."

"சன்னலு?"

பத்மாவதி முறத்தை எடுத்துக்கொண்டார். "அதைத் தொறக்க ஆருக்குமே கை வரலை, கண்ணு. அப்பறமாத் தொறந்துக்கலாம்னு இருந்தோம். அப்படியே இருந்துபோச்சு." புடைக்கத் தொடங்கியவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "எந்நேரமும் அங்கதான் நிப்பா. ரோட்டையே பாத்துட்டு" என்றார்.

*

அந்த வீட்டில் ஆடி அமாவாசைக்கு மூத்தாளுக்குச் சேலை வைப்பார்கள். சுமங்கலியாகப் போனவளுக்குப் புதுச்சேலை, மஞ்சள், குங்குமம், பூ, கண்ணாடி எல்லாம் முறத்தில் வைத்துக் கும்பிட்டு, பிறகு அந்தச் சேலையை இளையவள் உடுத்துவது வழக்கம். கடைக்குப் போய் எடுப்பது பத்மாவதி. ஒவ்வொரு வருஷமும் ஒரே நிறம்தான்: மாந்தளிர். பங்காரம்மாவுக்குப் பிடித்தது. சாந்தாமணி அதை உடுத்திக்கொண்டு ஆசாரத்தில் நடந்தால் பத்மாவதி ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். சென்னகிருஷ்ணன் அன்று முழுக்க அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே மாட்டார், நாக்கு தவறிவிடுமோ என்று.

இரண்டாவது ஆடியில் சேலையை ஒரு நாள் உடுத்தி மடித்து வைத்தவள், மறுநாள் எடுத்துக் கட்டிலில் விரித்துப் பார்த்தாள். நல்ல துணி. வீணாகப் பெட்டியில் கிடக்கப் போகிறது. எதிரே மூடிய சுவர். அவளுடைய கை எப்போதும் செய்கிறதைச் செய்தது. சேலையை வெட்டவில்லை. நான்காக மடித்து, மேலே ஒரு குழல் தைத்து, மூங்கில் கழியைக் கோத்துத் துருத்தலின் மேல் மாட்டினாள். இரண்டு பக்கமும் கொசுவி, நடுவில் பாவாடை நாடாவால் கட்டி, ஊட்டித் துரைமார் பங்களாவில் இருக்குமே, அந்த மாதிரி. தள்ளி நின்று பார்த்தாள். சத்தியமாக அங்கே ஒரு ஜன்னல் இருக்கிறது என்றுதான் தோன்றியது. நாடாவை அவிழ்த்தால் ரோடு தெரியும் என்று தோன்றியது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை அசைந்தது.

பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் ஆடிக் காற்று வெளியே மரங்களை ஆட்டிக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் அது சுவர். திரை மெல்ல உப்பியது, பின்பக்கம் ஒருவர் நின்று மூச்சுவிட்டது போல. அதோடு வளையல் சத்தமும் வந்தது.

தாழ்வாரத்தில் பித்தளைப் பாத்திரம் விழுந்தது. பத்மாவதி நிலைப்படியில் நின்றிருந்தார்.

சாந்தாமணிக்கு உயிரே போயிற்று. தெய்வத்துக்கு வைத்த சேலையைக் கிழித்துத் திரை போட்டதாக நினைத்துவிடுவாரே என்று, "வெட்டலீங்க அத்தை, தையலைப் பிரிச்சா சேலைதானுங்க" என்றாள்.

பத்மாவதி அதைக் கேட்கவேயில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீயாப் போட்டயா? அவ கேட்டாளா?" என்றார். பிறகு உள்ளே போய் ஒரு காமாட்சி விளக்கை ஏற்றி எடுத்துவந்து, திரைக்குக் கீழே தரையில் வைத்து, விழுந்து கும்பிட்டார். "இத்தனை வருசமா அங்கயே நின்னுட்டு இருந்தயா, தாயீ."

அன்றிலிருந்து அந்த அறை சாந்தாமணியின் கையை விட்டுப் போகத் தொடங்கியது.

முதலில் தினம் ஒரு விளக்கு. பிறகு வெள்ளிக்கிழமை பூ. திரை ஆடியதைக் கேள்விப்பட்டுப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி வளையல் சத்தத்தையும் கேட்டுவிட்டுப் போய்ப் பத்துப் பேரிடம் சொன்னாள். மஞ்சள் துணியில் காசு முடிந்து மூங்கில் கழியில் கட்டினார்கள். அவள் சாயம் பூசிய கோன் முளைகளில் யாரோ வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டுப் போனார்கள். முற்றத்துக் கண்ணாடி அனுப்பும் வெளிச்சம் உச்சிக்குத் திரைமேல் வந்து விழுந்தபோது, ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அம்மணி வந்துட்டாளுங்க" என்றாள். அதைக் கட்டியதே சாந்தாமணிதான் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கட்டிலை ஆசாரத்துக்கு மாற்றினார்கள். சாமி இருக்கும் இடத்தில் எப்படிப் படுப்பது? சென்னகிருஷ்ணன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அம்மா மனசு நிம்மதியா இருக்குது, அம்மணி. கொஞ்சம் அனுசரிச்சுக்கோ. நீதான் எங்க போட்டாலும் சமாளிக்கறவளாச்சே."

அவர் புகழ்ந்துதான் சொன்னார்.

ஆசாரத்தில் ஒரு மூலையைத் தடுத்து, சாக்கில் தொங்கல் தைத்து, அங்கேயும் ஒரு அறை மாதிரி செய்துகொண்டாள். எல்லோரும் மெச்சினார்கள். பகலில் முன்னறைக்கு விளக்குப் போட அவள்தான் போகவேண்டும். எண்ணெய் ஊற்றும்போது திரை அவள் தோளில் பட்டுப் பட்டுப் போகும். மாந்தளிர் நிறம் கண் முன்னாலேயே நிற்கும். சில நாள், அந்தத் திரைக்குப் பின்னால் நிற்பது தானே என்றும், விளக்குப் போடுவது பங்காரம்மா என்றும் அவளுக்குத் தோன்றும். ஐப்பசி அடைமழையில் காற்று சுத்தமாக நின்றுபோய், துளசியின் ஒரு இலைகூட அசையாத ஒரு பகலிலும் வளையல் சத்தம் கேட்டது. அன்று அவள் விளக்கை அணையவிட்டுவிட்டாள்.

தை பிறந்ததும் பத்மாவதி சொன்னார்: "துணி எத்தனை நாளைக்குத் தாங்கும்? அந்த எடத்துல ஒரு பீடம் கட்டி, செவுத்துலயே ஒரு முகத்தை வெச்சுப் பூசிப்போடலாம். கல்லுக்குச் சொல்லிட்டேன். வெள்ளிக்கெழமை கொத்தனாரு வாரானாம்."

முற்றத்தில் செங்கல் வந்து இறங்கியது. சென்னகிருஷ்ணனிடம் சொன்னாள். "பாக்கலாம்" என்றார்.

*

வியாழக்கிழமை காலை வரலட்சுமி துடியலூரிலிருந்து வண்டியில் வந்து இறங்கினாள். கையில் முறுக்குத் தூக்கு. வீட்டுக்குள் வந்ததும் சாக்குத் தொங்கலைத் தடவிப் பார்த்து, "எத்தனை நறுவிசு, பாருங்க" என்று பத்மாவதியிடம் பெருமையடித்தாள். பத்மாவதி அவளை முன்னறைக்குக் கூட்டிப்போய்ச் சாமியைக் காட்டிவிட்டு, உண்டு முடித்துப் பின்கட்டில் தலையைச் சாய்த்தார்.

வரலட்சுமி தங்கையோடு முன்னறைக்குத் திரும்பி, திரைக்கு முன்னால் நின்றாள். கையை நீட்டித் தையலைத் திருப்பிப் பார்த்தாள். அந்தச் சின்னத் தையலை எந்தக் கை போட்டது என்று அவளுக்குத் தெரியாதா?

"இது நீ தெச்சதுதானே?"

"ஆமாங்கக்கா."

"பொறத்தால என்ன இருக்குது?"

"செவுரு."

"செவுத்துக்கு எதுக்குடி திரை?"

சாந்தாமணி சிரிக்கப் பார்த்தாள். "சன்னலாட்ட இருக்கட்டும்னு போட்டேனுங்க."

"ஆரை ஏமாத்த?"

"ஆரையுமில்லீங்க. இருக்கறதை வெச்சு..."

"இருக்கறதை வெச்சுப் பண்ணுவே. தெரியும். டின்னு இருந்தா தொட்டி பண்ணுவே, சாக்கு இருந்தா மிதி பண்ணுவே. அதைத்தான் ஊரெல்லாம் நான் சொல்லீட்டுத் திரியறேன்." வரலட்சுமியின் குரல் இறங்கியது. "சன்னலு இல்லைன்னா, இல்லாததை வெச்சு என்னத்தைடி பண்ணுவே? நாளைக்குக் கொத்தனாரு வந்து இதை மூடிட்டுப் போனா அதுக்கும் கோலம் போட்டுட்டு உக்காந்துக்குவயா?"

"உங்களுக்கு ஏனுங்கக்கா இத்தனை கோவம்?"

"அன்னைக்குக் கெணத்தடியில உன்னைக் கேட்டேன். ரெண்டும் ஒண்ணுன்னே." 

சாந்தாமணி திரையின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றாள். உச்சி வெளிச்சம் நகர்ந்து வந்து அவள் விரல்மேல் ஏறியது. சுவருக்குள் வளையல் ஒருமுறை குலுங்கியது. வரலட்சுமிக்கும் கேட்டது. அவள் முகம் வெளிறிப் போய், "என்னடி அது?" என்றாள்.

"தெரியலீங்க. வந்த நாள்ல இருந்து கேக்குது." திரையோரத்தை விடாமலே சொன்னாள்: "வெளிய விடுன்னு சொல்றாப்பல இருக்குதுங்கக்கா. அவங்களையா என்னையான்னுதான் தெரியலை."

அப்புறம் அவள் செய்தது எல்லாம் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. விளக்கை எடுத்துச் சமையற்கட்டில் பத்திரமாக வைத்தாள். காசு முடிப்புகளை அவிழ்த்து முறத்தில் போட்டாள். திரையை இறக்கி, கழியை உருவி, தையலைப் பிரித்தாள். சேலை மறுபடி சேலையானது. மடித்துப் பெட்டியில் வைத்தாள். பின்கட்டிலிருந்து கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நீங்க வெளிய போயி ரோட்டு ஓரமா நில்லுங்க. கல்லு அந்தப் பக்கந்தான் உழுகும். ஆடு மாடு வந்தா ஓட்டுங்க."

"நானா?"

"கோவம் மட்டும் பட்டா ஆச்சுங்களா?"

வரலட்சுமி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள்.

முதல் குத்தில் சுண்ணாம்பு உதிர்ந்தது. இரண்டாவதில் மண்பூச்சு ஒரு பாளமாகப் பெயர்ந்து தரையில் விழுந்து தூள் பறந்தது. உள்ளே மரக்கதவு தெரிந்தது, கீல் பக்கம் விரல் நுழையும் விரிசலோடு. கொத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்பிய மண் அந்த இடத்தில் ஒட்டவேயில்லை. வெளியே கல் வரிசையிலும் சாந்து உதிர்ந்து சந்து விழுந்திருந்தது. திரை ஆடியது அதனால்தான்.

"ஐயோ, என்ன காரியம் பண்றே! நிறுத்து கண்ணு, நிறுத்து!" பத்மாவதி முடியை அள்ளி முடிந்தபடி ஓடிவந்தார். "அடைச்சு வெச்சதைத் தொறக்கறயே!"

சாந்தாமணி திரும்பாமலேயே சொன்னாள்: "ஆறு மாசம் முடிஞ்சுபோச்சுங்க அத்தை."

கதவின் வளையத்தைப் பிடித்து இழுத்தாள். கதவு உள்பக்கமாகத் திறந்தது.

கதவுக்கும் செங்கல்லுக்கும் நடுவில், கம்பிகள் நின்ற இருட்டில், சரம் சரமாக ஏதோ தொங்கியது. நூலில் கோத்த உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகள். பச்சை, சிவப்பு, ஊதா, நடுநடுவே மாந்தளிர். ஒவ்வொரு துண்டையும் நிறம் பார்த்து, பெரியது சிறியது பார்த்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. சிலந்தி நூல் அடைந்திருந்தது. கதவு திறந்த வேகத்தில் எல்லாம் ஒன்றோடொன்று மோதிக் குலுங்கின. இத்தனை நாளும் கேட்ட சத்தம்.

பத்மாவதி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இதை எப்பக் கட்டுனா? நான் பாக்கவே இல்லியே." அருகே வந்து ஒரு சரத்தை உள்ளங்கையில் ஏந்தினார். "ரோட்டைப் பாக்காதே, ரோட்டைப் பாக்காதேன்னு கத்துவேன். இங்க நின்னுட்டு இதைத்தான் கோத்துட்டு இருந்தாளா?"

சாந்தாமணி முடிச்சுகளைப் பார்த்தாள். தானே போட்டிருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பாள். அவள் கண்ணில் நீர் வந்தது. உடைந்ததை வைத்து இத்தனை அழகு செய்து பார்த்தவளை, அந்த அழகோடு சேர்த்தே பூசிவிட்டார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.

"காத்துலதான் சத்தம் போட்டிருக்குதுங்க" என்றாள்.

"காத்தே இல்லாதப்பவும் கேட்டுச்சே, கண்ணு?"

"ஆமாங்க அத்தை. கேட்டுச்சு."

சாந்தாமணி சரங்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து அவிழ்த்து மாமியாரின் முந்தானையில் போட்டாள். பிறகு கம்பிகளுக்கு நடுவே கடப்பாரையை நுழைத்து, "அக்கா, தள்ளி நில்லுங்க!" என்று கத்திவிட்டு, தள்ளினாள்.

"இங்க வராதே, போ, போ!" என்று வரலட்சுமி யாருடைய ஆட்டையோ விரட்டுவது கேட்டது. மேல் வரிசைக் கல் சரிந்தது. பிறகு எல்லாம் சரிந்தன. மேற்கே சாயத் தொடங்கிய வெயில் அறைக்குள் முழுசாக வந்து விழுந்தது. தூள் அடங்கியபோது ஜன்னலுக்கு வெளியே, தலையெல்லாம் செம்மண்ணாக, அக்காவின் முகம் இருந்தது. "இப்பச் சம்மதமாடி?" என்று கேட்டுவிட்டு அவளே அழுதாள்.

மாலையில் சென்னகிருஷ்ணன் வந்து வெகுநேரம் ரோட்டிலேயே நின்றார். உள்ளே வந்து, பங்காரம்மாவின் சரம் ஒன்றை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தார். கடைசியில், "பூசறதுக்கு ஆளுக்குச் சொல்லட்டுமா?" என்றார்.

"ஓரத்தை மட்டும் பூசச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை வந்த கொத்தனார் ஓரத்தை மட்டும் பூசிவிட்டுப் போனார். பீடத்துக்கு வந்த செங்கல்லை என்ன செய்வது என்று பத்மாவதி கேட்டார். ஜன்னலுக்குக் கீழே உட்கார ஒரு மேடையாகிவிட்டது. கட்டில் திரும்ப அறைக்கு வந்தது. சரங்களில் ஒன்றை மட்டும் சாந்தாமணி மறுபடி கம்பியில் கட்டினாள். மற்றதைப் பத்மாவதி தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். "அடுத்த ஆடிக்குச் சேலை எடுக்கப் போறப்ப நானும் வாரேனுங்க அத்தை" என்று சாந்தாமணி சொன்னதற்கு, "செரி, வா" என்றார்.

*

மாசியில் ஒரு நாள், வெயில் ஏறிய நேரம், ரோட்டில் மிதிவண்டி மணி கேட்டது. கோட்டைமேட்டிலிருந்து வளையல் கொண்டுவரும் யூனுஸ். ஜன்னல் அடைத்தபிறகு அந்த வீட்டு முன்னால் அவர் நின்றதேயில்லை. அன்று வண்டியை நிறுத்தி இறங்கினார். கண்ணுக்கு மேல் கையை வைத்து, கம்பிக்குப் பின்னால் நிழலில் நின்ற பெண்ணைப் பார்த்தார்.

"பங்காரு அம்மணிங்களா?"

அறையில் பூக்கட்டிக்கொண்டிருந்த பத்மாவதியின் கை நின்றது.

சாந்தாமணி கம்பிக்குக் கிட்டே, வெளிச்சத்துக்கு வந்தாள். "அவங்க இல்லீங்க பாய். நான் சாந்தாமணி."

யூனுஸ் கண்ணுக்கு மேல் வைத்த கையை இறக்கினார். விஷயம் புரிந்தது. "அவுங்க புதுசே வாங்கமாட்டாங்க அம்மணி. 'ஏனுங்க பாய், உடைசல் இருக்குதுங்களா'ன்னு கேப்பாங்க. பொட்டணம் கட்டிக் குடுப்பேன். அதுக்கு ஆரும் காசு வாங்குவாங்களா?" பெட்டியின் அடியில் கையை விட்டுத் துழாவினார். "உங்களுக்கும் வேணுமுங்களா? கெடக்குது."

அவள் கை நீளத்தான் பார்த்தது. உடைந்ததைக் கண்டால் நீளுகிற கை.

"உடைசல் வேண்டாமுங்க" என்றாள். "முழுசாக் காட்டுங்க."

அவர் மாந்தளிர் நிறத்தில் ஒரு கொத்தை எடுத்தார், பழைய நினைவில் அளவும் பார்க்காமல். கம்பி வழியே நீட்டிய கையில் ஏற்றிப் பார்த்தார். விரல் மூட்டில் சிக்கி நின்றது.

"என்ரது பெரிய கையிங்க" என்று சிரித்தாள். "பெருசா எடுங்க. நெறமும் வேற."

பச்சை வளையல் போட்டுவிட்டு, காசை வாங்கிக்கொண்டு, யூனுஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். மணிச்சத்தம் துடியலூர்ப் பக்கம் தேய்ந்து மறைந்தது. பத்மாவதி கட்டிய பூவில் பாதியைக் கிள்ளி மருமகளிடம் கொடுத்துவிட்டு, படுக்கப் போனார்.

வீடு கண்ணயர்ந்தது. சாந்தாமணி ஜன்னலிலேயே நின்றாள். பஞ்சு ஏற்றிய வண்டிகள் வரிசையாகப் போயின. காற்று இல்லை. கம்பியில் கட்டிய சரம் தொங்கிய இடத்தில் தொங்கியது. அப்போது வளையல் குலுங்கியது. அவள் தன் கையைப் பார்த்தாள். பச்சை வளையல்கள் அசையாமல் கம்பியைப் பிடித்த கையில் இருந்தன.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பயந்த மாதிரியும் தெரியவில்லை. ஜன்னலில் இன்னொரு ஆள் நின்று ரோட்டைப் பார்க்க எவ்வளவு இடம் வேண்டுமோ, அவ்வளவு தள்ளி நின்றுகொண்டாள்.